காலிதீன் கட்டிய இரண்டாம் குரல்

கிழக்கிலங்கையில், எங்கள் ஊர் மருதமுனையில் ஒருவர் ஜின்னைப் பிடித்துக் கொம்பியூட்டருக்குள் அடைத்து வைத்திருக்கிறார் என்று போன வருடம் ஜூலையில் எனக்குச் சொன்னவர் ஸிராஜ். இங்கிலாந்தின் லெஸ்டரில் நாங்கள் கருவாடு வாங்கும் கடை வாசலில் வைத்துச் சொன்னார். அவரும் நேரில் கண்டவரில்லை. அவருடைய மனைவியின் தங்கை சாய்ந்தமருதில் இருக்கிறார். அவருடைய வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர் சொன்னதாம். தொண்டையில் ஒப்பரேஷன் செய்து பேச்சே நின்றுபோன ஒரு மனிதர் பட்டப்பகலில் பாடுகிறார். அதுவும் ஒரு குரலில் இல்லை, இரண்டு குரலில். ஒன்று அவருடையது என்று ஊருக்குத் தெரியும். மற்றது யாருடையது என்பதில்தான் ஜின் வந்து சேர்ந்தது.

"பாடுற ஆள் பக்கீர் முகைதீன். பாடவைக்கிற ஆள் ஒங்கட கூட்டாளி, சவுண்ட்ஸ் காலிதீன்" என்றார் ஸிராஜ்.

இருபத்திரண்டு வருடம் வெளியில் இருப்பவனுக்கு ஊரிலிருந்து வரும் எந்தக் கதையிலும் முதலில் காதில் விழுவது அதன் கெட்ட பாதிதான். ஜின் கதையை நான் நம்பவில்லை. தொண்டை ஒப்பரேஷன் கதையை அந்த இடத்திலேயே நம்பிவிட்டேன். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; பக்கீர் காக்காவின் பாட்டுகள் என் போனில் பதினேழு கிடக்கின்றன. கருவாட்டைக் காரில் வைத்துவிட்டுக் காலிதீனுக்கு அழைப்பு எடுத்தேன். மூன்று தரம் எடுத்தும் பதில் இல்லை. நான்காம் தரம் எடுத்தார்.

"ஜின்னா?" என்று சிரித்தார். "ஜின் இரிந்தா நான் ஏன் மச்சான் ஹோன் கட்ட ஏணியில ஏறுறன்? அதையே ஏத்திவிட்டிரிப்பன்."

தொண்டைக் கதை மட்டும் உண்மை என்றார். பிறகு, நான் மூன்று தரம் எடுத்தது தெரியும், போன் டின்னுக்குள் கிடந்தது என்றார். போன் பக்கத்தில் இருந்தால் அழைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஒலிபெருக்கியில் டிக்கிடி டிக்கிடி என்று ஓர் இரைச்சல் புகுந்துவிடும். அதனால் மைக்கையோ பாட்டையோ தொடுவதற்கு முன் போனைத் துவாயில் சுற்றி, பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் போட்டு, டின்னைக் குசினியில் வைத்துவிடுவது அவர் வழக்கம். கலியாண வீட்டிலென்றால் டின் ஓட்டோவின் பின் சீற்றுக்குப் போகும். கூடப் படித்த காலத்தில் எதையும் ஒழுங்காக வைக்காத பையன் இவர். போன் விஷயத்தில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

"நான் எடுக்கல்லண்டா பாட்டு ஓடிட்டிரிக்கி எண்டு நினை" என்றார்.

காலிதீனுக்கு நாற்பத்தாறு வயது. வாப்பா நெசவுக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, றியாதில் மூன்று வருடம் மின்சார வேலை பார்த்துவிட்டு, இரண்டு ஹோன்களோடும் ஒரு அம்பிளிபயரோடும் வந்து இறங்கினார். ஹோன் என்பது பள்ளிவாசல் மினாராவிலும் கலியாண வீட்டு மாமரத்திலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி. பெரியநீலாவணை தொடக்கம் ஒலுவில் வரைக்கும் அவர் ஹோன் கட்டாத ஒழுங்கை குறைவு. வீட்டின் பின் அறை ஒன்றைப் பாட்டுப் பதியும் அறையாக ஆக்கியிருந்தார். சுவர் நிறையத் தறியிலிருந்து இறங்கிய சாரன்கள் தொங்கும்; எதிரொலியைத் துணி குடித்துவிடும் என்பார். கட்டம் போட்ட சாரன்களின் நடுவில் ஒரு மைக், ஒரு லெப்டொப், ஒரு பிளாஸ்டிக் கதிரை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு. பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டோடு போய் முடிந்த பிறகு, அடுத்த பாங்கு சொல்வதற்கு முன், பக்கத்து வளவில் அக்கா முறையான ஜுனைதா ராத்தாவின் தறி ஓயும்போது, கிடைக்கிற நாற்பது நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

அந்த அறையில் இருபது வருடமாகப் பாடியவர் பக்கீர் காக்கா. அறுபத்தொரு வயது, அவரும் தறிக்காரர். வாத்தியம் சேர்க்கவே மாட்டார், குரல் மட்டும்தான். வெறும் ஒற்றைக் குரல் ஹோன் வழியாக வெளியில் போனால் காற்று அதைத் தின்றுவிடும். ஆகவே ஒரு பாட்டை அவர் இரண்டு தரம் பாடுவார். முதல் தரம் பாடியதைக் காதில் கேட்டபடி இரண்டாம் தரமும் அதையே பாடுவார். காலிதீன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பார். ஒரே மனிதரின் இரண்டு குரல் சேரும்போது மூன்றாவதாக ஒன்று எழும்பும்; தடித்து, மினுங்கி, ஒரு கூட்டமே வாசலுக்கு வந்தமாதிரி. ஊர் அறிந்த பக்கீர் காக்காவின் குரல் அதுதான். கலியாண வீடுகளுக்கு அவர் பெண்ணின் பேரும் மாப்பிள்ளையின் பேரும் வைத்துப் பாடிக் கொடுக்கும் வாழ்த்து, மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கும் நேரம் ஒலிக்கும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அந்த வாசல் நிமிடம் பக்கீர் காக்காவுக்குச் சொந்தமாக இருந்தது.

போன வருடம் மே மாதம் தன் மகள் பஹ்மிதாவுக்காக அவர் பாட வந்தார். கலியாணம் செப்டம்பரில், மாப்பிள்ளை சாய்ந்தமருதுப் பிள்ளை, றினாஸ். தொண்டையில் கட்டி என்று அப்போதே தெரியும். குரல் கரகரத்தாலும் தளராமல் நின்றது. பாட்டின் நான்கு பந்தியையும் முதல் தரம் பாடி முடித்தார். நான்காவது பந்தியில்தான் மகளின் பேர் வருகிறது. அந்தப் பந்திக்குமுன் அவர் மூச்சு வாங்க எடுத்த இடைவெளி நீண்டதைக் கண்டு பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்த ஜுனைதா ராத்தா தறியில் ஏறிவிட்டார். டக், டக், டக் என்று மூன்று அடி. காலிதீன் ஜன்னலால் கையைக் காட்டினார். பக்கீர் காக்கா நிறுத்தாமல் பாடி முடித்தார். இரண்டாம் தரத்தை நாளைக்குப் பாடுவோம், நாலாவது பந்தியையும் அப்போது திருத்துவோம் என்று எழும்பினார்கள். அன்று அந்தித் தொழுகை மஃரிபுக்குக் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது: கட்டில் ஒன்று இருக்கிறது, நாளைக்கே வாருங்கள்.

இரண்டாம் தரம் இல்லாமலே போனது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான்.

ஓகஸ்டில் நான் இரண்டு கிழமை லீவில் ஊருக்குப் போனேன். போன மறுநாளே காலிதீனின் பின் அறையில் சாரன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒற்றைத் தரத்தை இரட்டையாக்க அவர் ஒன்றரை மாதமாக முயன்றுகொண்டிருந்தார். அந்த முயற்சிகளில் ஒன்றைத் திறந்த வாசலோடு போட்டுக் கேட்டபோதுதான் ஒழுங்கையால் போன மீன்காரர் கேட்டிருக்கிறார். ஜின் பிறந்தது அன்றைக்கு.

முதலில் அந்தப் பதிவைப் பிரதி எடுத்து அதன்மேலேயே வைத்தாராம். சத்தம்தான் கூடியது, குரல் தடிக்கவில்லை. ஒரே ஆள், கொஞ்சம் பலத்துக் கத்துகிறார். பிரதியைச் சற்றுப் பிந்த விட வேண்டும். எவ்வளவு பிந்த விடுவது? இதை லெஸ்டரில் ஒருவர் அறிய வேண்டுமென்றால் கணினியில் தேடுவார். காலிதீன் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார்.

ஜும்ஆப் பள்ளியில் அவர் கட்டிய ஹோன்கள் இரண்டு. ஒன்று மினாராவில், மற்றது தெருமுனைக் கம்பத்தில். இரண்டுக்கும் நடுவில் நின்றால் முஅத்தினின் குரல் ஒன்றாகக் கேட்கும். ஒரு பக்கமாக நடக்க நடக்கக் குரல் தடிக்கும். இன்னும் நடந்தால் ஓரிடத்தில் திடீரென்று கிழிந்து இரண்டாகும், பாங்கை இரண்டு பேர் சொல்வதுபோல. ஒரு கிழமையாக லுஹர், அசர் என்று பகல் பாங்கு இரண்டுக்கும் அந்தத் தெருவில் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறார். ஸலாம் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லாமல் போனதால், காலிதீனுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு ஹோன் மற்றதைவிடப் பதினைந்து எட்டுக்கு, அதாவது பதினைந்து காலடிக்கு, மேல் தூரமாகாதவரை கேட்பது ஒரே ஆளின் தடித்த குரல். அதைத் தாண்டினால் இரண்டு ஆள்.

அன்றிரவு வீட்டில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி பதினைந்து எட்டைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. பிறகு போனில் தேடினேன். பெரிய ஸ்டூடியோக்களில் ஒற்றைக் குரலை இரட்டையாக்குகிறவர்கள் பிந்தவிடும் அளவும் ஏறக்குறைய அதே எண். போனைக் கவிழ்த்து வைத்தேன். காலடியால் அளந்து அந்த எண்ணைப் பிடித்த மனிதரோடு ஒரே வாங்கில் இருந்து படித்திருக்கிறேன். கணக்கில் நான்தான் முதலாம் பிள்ளை.

அடுத்து நடந்ததில் என் பிழையும் இருக்கிறது. நான் ஒரு நல்ல ஹெட்போன் கொண்டுபோயிருந்தேன். காலிதீன் பிரதியைப் பிந்தவிட்டு, சுருதியை ஒரு நூலளவு இறக்கி, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் விட்டுக் காட்டினார். பக்கீர் காக்கா என் தலையின் இரு பக்கமும் நின்று பாடினார். இதுதான், இனித் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இரிக்கி. ஆனா கலியாண ஊட்டுக்கு ஆரும் ஹெட்போனோட வாறல்லயே மச்சான்."

வளவில் மாமரத்தில் ஹோனைக் கட்டிப் போட்டுப் பார்த்தோம். இடதும் வலதும் ஒரே கம்பிக்குள் இறங்கி ஒரே ஹோனால் வெளியே வந்தபோது குரல் பீப்பாய்க்குள் விழுந்துவிட்டது. இரண்டு பிரதிகளும் ஒன்றையொன்று தின்று, உள்ளீடில்லாத ஒரு முனகல். காலிதீனின் மனைவி ஸஹ்றா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்து, லண்டன் காதுக்கு விளங்கினது நம்மட மாமரத்துக்கு விளங்கல்ல போல என்றார். லெஸ்டர் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை.

ஒரே அளவில் பிந்தினால் பீப்பாய்தான், மனிதன் அப்படிப் பிந்துவதில்லை என்று காலிதீன் கண்டுபிடித்தார். பிந்துகிற அளவைத் தானாகவே கூட்டியும் குறைத்தும் அசைக்கும் ஒரு வசதி அந்த மென்பொருளில் இருந்தது. அதை வைத்து மூன்று நாளில் ஹோனிலும் குரல் நிமிர்ந்தது. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பக்கீர் காக்காவைக் கூட்டிவந்தோம். பஹ்மிதாவும் கூட வந்தாள். இருபத்துநான்கு வயது, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வாப்பாவின் கொப்பியும் பேனையும் அவள் கையில் இருந்தன.

அவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கண்ணை மூடிக் கேட்டார். முதல் பந்தியில் உதடு அசைந்தது. விரல் முழங்காலில் தட்டியது. மூன்றாவது பந்தி வரைக்கும் முகத்தில் ஒரு நிறைவு. நான்காவதில் கை எழும்பியது. காலிதீன் நிறுத்தினார். பக்கீர் காக்கா கொப்பியை வாங்கி எழுதினார்: 'தறி ஒண்டு. அடி ஆறு கேக்குது.'

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குரலைப் பிரதி எடுத்தபோது ஜுனைதா ராத்தாவின் தறியும் பிரதியாகியிருக்கிறது. மூன்று அடி, ஒவ்வொன்றுக்கும் நிழல்போல இன்னொரு அடி. நாங்கள் இருவரும் பாட்டைக் கேட்டோம். நாற்பத்தைந்து வருடம் தறியில் இருந்தவர் தறியையும் கேட்டார்.

மறுபடி எழுதினார்: 'ரெண்டாம் தரம் நான் பாடல்ல. இத என்ட பாட்டு எண்டு போட வேணாம்.'

பஹ்மிதா குனிந்து, ஒற்றைக் குரலே தனக்குப் போதும் வாப்பா என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எழுதிய கொப்பியைக் காலிதீனின் பக்கமாகத் திருப்பிவிட்டு எழும்பிப் போனார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'ஊர்ல எல்லார்ர புள்ளைக்கும் ரெண்டு தரம் பாடினன். என்ட புள்ளைக்கு ஒரு தரமா?'

கலியாணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு மனிதர் இழந்ததைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் காட்டி இன்னொரு தரம் பறித்துவிட்டோமோ என்று இரவெல்லாம் புரண்டேன். விடிந்ததும் இதை விட்டுவிடுவோம் என்று சொல்லத்தான் போனேன். காலிதீன் ஏணியைத் தோளில் வைத்து எங்கோ ஹோன் கட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து அவர்ர வாயப் பாத்தயா?" என்றார்.

அழுதாரா என்று கேட்டேன்.

"இல்லடா. பாடிட்டிரிந்தார். சத்தம்தான் வரல்ல. வாயும் விரலும் பாடிட்டிரிந்திச்சி."

உதடு அசைந்ததை நானும்தான் கண்டேன். அதைத் துக்கம் என்று வைத்துக்கொண்டேன். அவர் அதைத் தாளம் என்று கண்டிருக்கிறார்.

அன்று லுஹர் முடிந்ததும் பக்கீர் காக்காவின் தறிக்கொட்டிலுக்கு இருவரும் போனோம். ஸலாம் சொல்லிவிட்டுக் காலிதீன் சுற்றிவளைக்காமல் சொன்னார்: "காக்கா, ரெண்டாம் தரம் பாட வாங்க."

பக்கீர் காக்கா அவரை வெறித்துப் பார்த்தார். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். கொப்பியில் ஒரே சொல் எழுதினார்: 'எதால?'

"குரல் என்னட்ட இரிக்கி. அது ஒங்கட குரல், மே மாசத்துக் குரல். நேரம் மட்டும்தான் என்னட்ட இல்ல. எந்தச் சொல்ல முந்திச் சொல்லுவீங்க, எத இழுப்பீங்க, எங்க மூச்சு எடுப்பீங்க, அத மெஷினுக்குச் சொல்லத் தெரியல்ல. நீங்க வந்து நேரத்த மட்டும் தாங்க."

அவர் தறியின் பலகையிலிருந்து எழும்பினார். பிறகு செருப்பைத் தேடினார்.

அந்தப் பதிவை நான் பார்த்தேன் என்று சொல்லும்போது எனக்கே நம்பிக்கை குறைகிறது. லுஹருக்கும் அசருக்கும் நடுவில், மின்விசிறி நிற்க, சாரன்களுக்குள் நாங்கள் வேர்த்துக்கொண்டிருந்தோம். போன் டின்னுக்குள். ஜுனைதா ராத்தா இந்தத் தரம் தறியை நிறுத்தியதோடு விடவில்லை. நூல் ஓடும் நாடாவையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். இது என்ட கையில இரிக்கிறமட்டும் தறி தானா அடிக்காது, பயப்படாமப் பாடச் சொல்லுங்க என்றார்.

பக்கீர் காக்கா ஹெட்போனை மாட்டினார். அதில் மே மாதத்துக் குரல் ஓடியது. மேசையில் ஒரு மைக், வாயருகே ஒரு மைக். அவர் பாடத் தொடங்கினார்.

அறையில் பாட்டு இல்லை. 'ப' வரும் இடத்தில் உதடு ஒட்டிப் பிரியும் ஒரு சின்ன வெடிப்பு. 'த' வரும் இடத்தில் நாக்கின் தட்டு. 'க' வரும் இடத்தில் தொண்டைக்குப் பதிலாக அண்ணத்தில் ஒரு சொடுக்கு. நடுவில் கழுத்துத் துணி மெல்ல எழும்பி அமர்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆட்காட்டி விரல் மேசையில் ஒரு தட்டு. தூறல் தொடங்குமுன் தகரத்தில் விழும் ஒற்றைத் துளிகள்போல இருந்தது அது. ஆனால் தோளும் புருவமும் முழுப் பாட்டையும் பாடின. மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் அவர் நிமிர்ந்தார். அடிக்கட்டையில் இறங்கும்போது நாடி நெஞ்சைத் தொட்டது. சத்தத்தைத் தவிர ஒரு பாட்டுக்கு வேண்டிய அத்தனையும் அந்தக் கதிரையில் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் மூச்சு பதிவாகிவிடும் என்ற பயம் ஒரு பக்கம்; அந்த இடத்தில் மூச்சுவிடவே கூச்சம் மறுபக்கம்.

நான்காவது பந்தியில் மகளின் பேர் வரும் இடத்தில் விரல் எழும்பி நின்றது. ஹெட்போனில் பேர் கடந்து போய்விட்டது. பிறகுதான் விரல் இறங்கியது. காலிதீன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முடிந்ததும் பக்கீர் காக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்து, வேர்வையைத் துடைத்து, எழுதினார்: 'பேர்ல பிந்திட்டன். இன்னொருக்கா பாடவா?'

"வேணாம் காக்கா. அதுதான் வேணும்" என்றார் காலிதீன்.

மறுநாள் தொடங்கியது வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். பிரதியை ஒவ்வொரு சொல்லாக அறுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விரல் தட்டுக்கும் உதட்டு வெடிப்புக்கும் நேராக நகர்த்த வேண்டும். சில சொல் முந்தியது, சில சொல் பிந்தியது, சில சொல் நீண்டது. தறியின் இரண்டு அடிகள் சொற்களுக்கு நடுவில் விழுந்திருந்தன. பிரதியிலிருந்து அவற்றை வெட்டிவிட்டார். மூன்றாவது அடி 'மகளே' என்ற சொல்லின் மேலேயே கிடந்தது. முதல் பந்தியில் அதே சொல் சுத்தமாக வருகிறது. அதை எடுத்துவந்து இங்கே பொருத்தினார். மூலப் பதிவில் கிடந்த மூன்று அடியையும் அழிக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "கிடக்கட்டும். தறிக்காரர்ர ஊட்டுக் கலியாணம்தானே" என்றார்.

ஒரு நாளைக்கு இருபத்தைந்து சொல்லுக்குமேல் நகராது. பகலில் ஹோன் கட்டப் போய், வந்து, குளித்து, உட்காருவார். நான் விமானம் ஏறிய நாளில் மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. விடைபெறப் போனபோது ஒரு வரியை மட்டும் ஹோனில் போட்டுக் காட்டினார்.

'வாசல் விரிந்தது மகளே, வாழ்த்து நிறைந்தது மகளே.'

இரண்டு பேர் இல்லை. எதிரொலி இல்லை. ஒரே மனிதர், தன்னோடு தானே தோளில் கைபோட்டு நடந்துவருகிறார். ஒரு காலடி முந்தி, ஒரு காலடி பிந்தி. மாமரத்தடியில் நின்ற எனக்கு அந்த இரண்டாம் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. ஸிராஜ் வரைக்கும் கதை வரக் காரணமான மீன்காரரை அந்த நேரம் நான் மன்னித்துவிட்டேன்.

லெஸ்டருக்கு வந்து, முழுப் பாட்டையும் அனுப்பு என்று பலதரம் கேட்டேன். குரலுக்குச் சொந்தக்காரர் கேட்கும் முன் உனக்கு அனுப்ப ஏலாது என்றுவிட்டார். வேலை முடிந்தது கலியாணத்துக்கு முந்திய புதன்கிழமை. பக்கீர் காக்காவுக்குச் சேதி போனது. அவர் வட்ஸ்அப்பில் எழுதிய பதிலைக் காலிதீன் எனக்கு அனுப்பினார்: 'அறைக்குள்ள கேக்க மாட்டன். எல்லாரும் கேக்கிறமாதிரி ஹோன்ல கேக்கன். நானெண்டா ஓடட்டும். நான் இல்லெண்டா கையத் தூக்குவன், நிப்பாட்டு.'

சபை நடுவில், மாப்பிள்ளை வாசலில் நிற்க, மகளின் பேரில் கை எழும்பினால் என்ன ஆகும்? இப்படியொரு ஏற்பாட்டுக்கு ஏன் ஓம்பட்டாய் என்று காலிதீனிடம் கேட்டேன்.

"அவர்ர குரல் மச்சான். நிப்பாட்டுறதும் அவர்ர உரிமைதானே" என்றார். பிறகு, கை எழும்பினால் அடுத்த நிமிடமே எனக்குச் சொல்வதாகவும் சொன்னார். நிறுத்தியதும் முதல் வேலை டின்னைத் திறப்பதுதானாம். "அப்ப நீ எடுத்தா உடனே எடுப்பன். பயந்தாங்கொள்ளி நீ, காத்துக்கிடப்பாய் எண்டு தெரியும்."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அசருக்குப் பிறகு, நாலரைக்கு இறங்குவதாக ஏற்பாடு. இங்கே பகல் பன்னிரண்டு. வேலையிடத்தின் பின்பக்கப் படிக்கட்டில் போய் நின்றேன். பன்னிரண்டு ஐந்துக்கு அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை பிந்தியிருப்பார், பாட்டு தொடங்கியிருக்காது, போன் அதற்குள் டின்னுக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். பன்னிரண்டு எட்டுக்கு அழைத்தேன். மணி போய்த் தானாக நின்றது. மழை பெய்து எல்லாம் கலைந்துவிட்டதோ, கரண்ட் போனதோ என்று மனம் அலைந்தது.

முழுப் பாட்டும் ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. மகளின் பேர் வருவது நாலு நிமிடம் பத்தில்.

பன்னிரண்டு பதினொன்றுக்கு மறுபடி அழைத்தேன். போனைக் காதோடு சேர்த்து அமர்த்திக்கொண்டேன். துவாய்க்குள், தகரத்துக்குள், ஓட்டோவின் பின் சீற்றில் அது அடித்துக்கொண்டிருக்கும். எடுத்தால் கை எழும்பிவிட்டது என்று அர்த்தம்; காலிதீன் எடுத்துவிடுவாரோ என்றுதான் இப்போது பயமாக இருந்தது. ஆறு தரம் மணி அடித்தது. ஏழு. யாரும் எடுக்கவில்லை. எட்டு. மணி போய்க்கொண்டே இருந்தது.